கணக்கில் அடங்காத தீவு

ஹௌட்டன் துறையில் ரேஞ்சர் 3 கப்பலுக்குக் காத்திருப்பவர்களின் மூட்டைகளில் கூடாரம் இருக்கும், எரிவாயு அடுப்பு இருக்கும், தூண்டில் இருக்கும். நாய் மட்டும் இருக்காது. அமெரிக்கர்கள் நாயை விட்டுவிட்டுக் காட்டுக்குக் கிளம்புவது கொஞ்சம் அபூர்வம்தான். ஆனால் ஐல் ராயல் தேசியப் பூங்காவுக்குள் செல்லப் பிராணிகள் எதுவும் வரக்கூடாது. சொந்தப் படகில் வருகிறவர்கள், நாயைப் படகைவிட்டு இறக்காமலே வைத்துக்கொள்கிறோம் என்று கெஞ்சினாலும் நடக்காது. இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு பழைய சாவுக்கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லுமுன் ஏரியைக் கடந்தாக வேண்டும்.

மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில் கெவீனா நீர்வழியில் சாதுவாகத் தொடங்கும் பயணம், திறந்த ஏரியைத் தொட்டதும் குணம் மாறிவிடுகிறது. சுப்பீரியர் ஏரியின் பரப்பு 82,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் ஐந்தில் மூன்று பங்கு. கரை மறைந்தபின் மணிக்கணக்காக நீரும் மூடுபனியும்தான். நடுக்கோடையிலும் மேல்தளத்தில் நிற்பவர்கள் கம்பளிச் சட்டையைத் தேடுகிறார்கள். 117 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரம். கப்பலில் வருகிறவர்களில் பெரும்பாலோர் நடைப் பயணிகள். சில தடவைகளில் அவர்களோடு வேறொரு கூட்டமும் ஏறும். பாதையை விட்டு விலகிச் சதுப்பிலும் புதரிலும் நாள்கணக்கில் அலைந்து, செத்த மிருகங்களின் எலும்புகளைத் தேடி எடுத்து வருவதற்காகத் தம் செலவில் வரும் தன்னார்வலர்கள் அவர்கள். விடுமுறையை இப்படியும் கழிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்பதே ஒரு ஆறுதல்.

ஐல் ராயல் ஏறக்குறைய 72 கிலோமீட்டர் நீளமும், அகன்ற இடத்தில் 14 கிலோமீட்டர் அகலமும் கொண்ட தீவு. மிச்சிகனுக்குச் சொந்தம் என்றாலும் அக்கம்பக்கத்துக் கரை கனடாவும் மின்னசோட்டாவும்தான். அந்தக் கரையும் இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளித்தான் இருக்கிறது. இந்தத் தூரம் ஒரு சல்லடை. நிலப்பகுதியில் சாதாரணமாகத் திரியும் கருங்கரடியும் வெள்ளைவால் மானும் இங்கே கிடையாது. வேட்டைக்கும் அனுமதியில்லை. மீதமிருப்பது உயிரியலாளர்கள் கனவில் கேட்டிருக்கக்கூடிய ஒரு எளிய ஏற்பாடு: பெரிய இரை ஒன்று, அதைத் தின்னும் பெரிய விலங்கு ஒன்று. இரை மூஸ். மான் குடும்பத்திலேயே மிகப் பெரியது, வளர்ந்தது 400 கிலோவையும் தாண்டும். தின்பது ஓநாய்.

ராக் ஹார்பரில் இறங்கி டெய்சி ஃபார்ம் நோக்கி நடக்கும் கரையோரப் பாதையில் மூஸையோ ஓநாயையோ பார்த்துவிடலாம் என்று புறப்படுகிறவர் பெரும்பாலும் ஏமாறுவார். மூஸ் எப்போதாவது சதுப்புக் குளத்தில் கழுத்தளவு நீரில் நின்று பாசிக்கொடிகளை மென்றுகொண்டிருக்கும். கரைத் தாவரங்களில் கிடைக்காத உப்புச்சத்து நீர்த்தாவரங்களில் கிடைக்கிறது. ஓநாயைப் பொறுத்தவரை, ஈரமண்ணில் கால்தடம் கிடைத்தாலே பாக்கியம். ஆனால் இரண்டின் கணக்கும் வழியெங்கும் எழுதித்தான் இருக்கிறது, மரங்களில்.

பால்சம் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தைப் பார்த்தால் போதும். பன்னிரண்டு, பதினைந்து மீட்டர் உயர வேண்டிய மரம், பல இடங்களில் இடுப்பளவில் குட்டையாக, கத்தரித்துவிட்ட வேலிச்செடிபோல் நிற்கிறது. சின்ன மரம் என்று நினைத்தால் தவறு. வயது சில பத்தாண்டுகள் இருக்கும். ஒவ்வொரு குளிர்காலமும் பனிக்கு மேலே நீட்டிய நுனியை மூஸ் கடித்துவிட, அடுத்த கோடையில் மரம் மறுபடி முயல, மறுபடி கடிபட, இப்படியே காலம் போயிருக்கிறது. குளிர்காலத்தில் இலையுதிர் மரங்கள் மொட்டையாகிவிடுவதால் மூஸின் வயிற்றுக்குள் போவதில் பாதிக்கும் மேல் இந்த ஃபிர்தான். 1940களின் இறுதியில் காட்டின் சில துண்டுகளுக்குப் போட்ட வேலிகளின் உள்ளே மரங்கள் ஓங்கி வளர்ந்தன. வெளியே அதே மண், அதே மழை, அதே விதை. மரம் மட்டும் இடுப்பைத் தாண்டவில்லை.

இந்த மரங்களின் ஆண்டு வளையங்களை அறுத்து அளந்தவர்கள் ப்ரையன் மெக்லாரனும் ரால்ஃப் பீட்டர்சனும். ஓநாய் குறைந்த ஆண்டுகளில் மூஸ் பெருகியது, மூஸ் பெருகிய ஆண்டுகளில் வளையம் ஒடுங்கியது. ஒரு ஃபிர் மரம் எவ்வளவு தடிக்கும் என்பதை வெயிலும் மழையும் மட்டும் தீர்மானிக்கவில்லை, அதைத் திரும்பியும் பார்க்காத ஓநாயும் தீர்மானித்தது. 1994இல் அவர்கள் இதை எழுதியபோது, காட்டைக் கீழிருந்து மேலாக மட்டுமே படித்துப் பழகியவர்களுக்கு அது நல்ல அதிர்ச்சி.

இத்தனைக்கும் இந்த இரண்டு விலங்குகளுமே தீவுக்கு வந்தேறிகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே காரிபூ மானும் லிங்க்ஸ் பூனையும் இருந்தன. மூஸ் அதையொட்டிய ஆண்டுகளில் வந்தது. நீந்தி வந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலோரின் எண்ணம், மனிதர்களே கொண்டுவந்து விட்டார்கள் என்பாரும் உண்டு. எப்படி வந்திருந்தாலும், கொல்ல ஆளில்லாத, தீனி குவிந்து கிடந்த ஒரு தீவு அவற்றுக்குக் கிடைத்தது. அடுத்து நடந்ததை, பெருக்கம் உணவை மிஞ்சிவிடும் என்று எச்சரித்த மால்தஸ் பார்த்திருந்தால் சொன்னேனே என்றிருப்பார். 1929-30இல் தீவைச் சுற்றிப்பார்த்த அடால்ஃப் முரி என்ற இயற்கையியலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூஸ்கள் இருப்பதாகக் கணித்தார். காடு மொட்டையாகிக்கொண்டிருந்ததையும் கவனித்தார். சீக்கிரம் பெரிய சாவு வரும் என்று எழுதினார். வந்தது. 1930களின் நடுவில் பட்டினியில் கொத்துக்கொத்தாக விழுந்து, சில நூறுதான் மிஞ்சின. 1936இல் தீவின் ஐந்தில் ஒரு பங்கு எரிந்தது. எரிந்த இடத்தில் துளிர்த்த இளங்காட்டைத் தின்று மூஸ் மறுபடி பெருகியது.

ஓநாய் வந்தது 1940களின் பிற்பகுதியில், உறைந்த ஏரியின்மேல் நடந்து. வந்த சில ஆண்டுகளுக்குள் தீவிலிருந்த கயோட்டி நரிகளைத் தீர்த்துக்கட்டியது. பிறகு மூஸின் பக்கம் திரும்பியது.

1958இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் டர்வர்டு ஆலன் இந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தபோது அவர் மனத்தில் பத்தாண்டுத் திட்டம் ஒன்று இருந்தது. அன்றைய பாடநூல்களில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று, பெல்ஜியக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட் 1838இல் வரைந்த கோடு. உயிர்த்தொகை முதலில் மெல்ல, பிறகு வேகமாக ஏறி, இடத்தின் தாங்குதிறனைத் தொட்டதும் படுத்துவிடும். இன்னொன்று, இத்தாலியின் வோல்டெரா 1926இல் தந்தது. முதல் உலகப்போரில் ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்தபோது சந்தைக்கு வந்த மீன்களில் சுறா போன்ற வேட்டை மீன்களின் பங்கு ஏன் கூடியது என்று அவருடைய மருமகன் கேட்ட கேள்விக்கு அவர் எழுதிய பதில் அது. அவர் கணக்கில் இரை ஏறினால் வேட்டையாடி ஏறும், வேட்டையாடி ஏறினால் இரை இறங்கும், பின் வேட்டையாடி இறங்கும். இரண்டும் முடிவில்லாமல் அலையாய் ஆடிக்கொண்டிருக்கும்.

ஆலனின் முதல் மாணவர் டேவிட் மீச். குளிர்காலங்களில் சிறு விமானத்தில் ஓநாய்க் கூட்டங்களுக்கு மேலே வட்டமிட்டார். ஓநாய் என்றால் நினைத்ததைக் கொல்லும் என்ற கதைக்கு அங்கேயே அடி விழுந்தது. அவர் பார்க்க 77 மூஸ்களை ஓநாய்கள் மடக்கியும் துரத்தியும் சோதித்தன, கொல்ல முடிந்தது 6. திடமாக நின்று உதைக்கும் மூஸை ஓநாய் விட்டுவிட்டுப் போய்விடும். சிக்குவது கன்று, அல்லது கிழடு. அந்தத் தொடக்க ஆண்டுகளில் தீவில் ஓநாய் இருபதுக்குச் சற்று மேல், மூஸ் சில நூறு. இரண்டும் பெரிதாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆய்வு அங்கே முடிந்திருந்தால் இயற்கையின் சமநிலைக்கு ஐல் ராயல் ஒரு பாடநூல் உதாரணமாகிப் போயிருக்கும்.

நல்லவேளையாக முடியவில்லை. 1970இல் வந்து சேர்ந்த ரால்ஃப் பீட்டர்சன் ஓய்வு வயதைத் தாண்டியும் விடவில்லை. ஆய்வு அவரோடு ஹௌட்டனில் உள்ள மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்தது.

ராக் ஹார்பர் கால்வாய்க்கு அக்கரையில், பழைய மீனவர் ஒருவரின் பேங்சுண்ட் குடில் பல கோடைகளாகப் பீட்டர்சன் தம்பதியின் களவீடு. குடிலுக்கு வெளியே மூஸ் மண்டையோடுகளும் கொம்புகளும் வரிசையாகப் பரப்பிக் கிடப்பதைப் பார்க்கிறவருக்கு முதலில் ஒரு திடுக்கிடல் வரும். பார்க்கப் பார்க்க அது ஒரு பிறப்பு இறப்புப் பதிவேடு என்று புரியும். பல்லை அறுத்தால் வேர்ப்பூச்சில் ஆண்டுக்கு ஒரு கோடு தெரியும். மூஸ் எத்தனை வயதில் செத்தது என்று எண்ணிவிடலாம். கடைவாய்ப்பல் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தால், தின்றதை அரைக்க முடியாமல் மெலிந்திருக்கும். இடுப்புப் பூட்டில் எலும்பு முடிச்சிட்டுக் கரடுமுரடாக இருந்தால் மூட்டுவாதம். உதைக்க முடியாத மூஸ் அது.

இந்த மூட்டுவாதத்தில்தான் கதையின் நுட்பமான கண்ணி இருக்கிறது. கிழடானதால் மட்டும் அது வரவில்லை. மூஸ் மிகுந்து தீனி அருகிய ஆண்டுகளில் பிறந்து, கன்றாக இருந்தபோது அரைவயிறு கிடந்தவை, பிற்காலத்தில் அதிகம் முடங்கியிருந்தன என்று எலும்புகள் காட்டின. ஒரு பஞ்சம் பத்தாண்டுக்குப்பின் ஓநாய்க்கு விருந்தாகிறது. நெரிசலுக்கான தண்டனை உடனே வந்துவிடும் என்றுதான் வெர்ஹுல்ஸ்டின் கோடு நினைக்கிறது. எலும்புக்குத் தவணை முறை தெரிந்திருக்கிறது. ஓநாய் அருகி மூஸ் பெருகிய காலங்களில் மண்டையோடுகளே சிறுத்துப் போனதையும் இதே குவியலை அளந்துதான் கண்டுபிடித்தார்கள்.

1970களில் கடும்பனிக் குளிர்காலங்கள் அடுத்தடுத்து வந்தன. ஆழப்பனியில் கால் புதைந்த மூஸ்கள் சுலபமாகச் சிக்க, ஓநாய்கள் பெருகி 1980இல் 50 ஆயின. வோல்டெராவின் அலை ஆடத் தொடங்கிவிட்டது என்று தோன்றிய நேரம். 1982இல் எண்ணிப் பார்த்தால் 14. இவ்வளவு வேகமாகச் சாக இரைக்குறைவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. சில ஓநாய்களைப் பிடித்து ரத்தம் சோதித்ததில் பார்வோ வைரஸ் வந்துபோன தடயம் இருந்தது. நாய்க்குட்டிகளை ரத்தபேதியில் கொல்லும் அந்த நோய் அப்போதுதான் உலகெங்கும் பரவியிருந்தது. ஏரி கடந்து தீவுக்குள் வர அதற்கு ஒரு நாய் போதுமாயிருந்தது. துறைமுகத்தில் காட்டும் கண்டிப்புக்குப் பின்னால் இந்தச் சாவும் நிற்கிறது.

வைரஸ் மறைந்தபிறகும் ஓநாய்கள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை. மூஸ்களுக்கு அது பொற்காலம். 1995இல் அவை 2,400ஐத் தொட்டன. மறுபடி முரியின் தீவு, மறுபடி மொட்டைக்காடு. 1996இல் நூற்றாண்டின் மிகக் கடுமையான குளிர்காலங்களில் ஒன்று வந்தது, வசந்தமும் தாமதித்தது. அதோடு உண்ணி. வட அமெரிக்கக் காடுகளின் குளிர்கால உண்ணி ஒரு மூஸின் மேல் பல்லாயிரக்கணக்கில் ஏறும். அரிப்புத் தாங்காமல் மரத்தில் உராய்ந்து உராய்ந்து ரோமம் உதிர்ந்து, சாம்பல் நிறப் பேய்களாகத் திரிந்தவை உண்டு. குளிர், பசி, உண்ணி மூன்றும் சேர்ந்து பார்த்த வேலையில் 1997இல் மிஞ்சியவை சுமார் 500. இந்த மூன்றில் கொன்றது எது என்று தனித்துப் பிரிக்க முடியாது. பசித்த உடம்பில்தான் உண்ணி கொல்கிறது. நெரிசலான காட்டில்தான் பனி கொல்கிறது.

அதே 1997இல் உறைந்த ஏரியைக் கடந்து கனடாப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் ஓநாய் வந்து சேர்ந்தது. அப்போது யாருக்கும் தெரியாது. பின்னாளில் கழிவுகளிலிருந்து மரபணு எடுத்துப் பார்த்தபோதுதான் அது அயலூர்க்காரன் என்று தெரிந்தது. வயதாக ஆக மேனி வெளுத்ததால் 'ஓல்டு கிரே கை' என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்றவற்றைவிட உடல் பெரிது. இடம்பிடிக்கும் சண்டையில் ஒரு கூட்டமே இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறந்த குட்டிகள் மட்டும் 34. ஓரிரு தலைமுறைக்குள் தீவின் ஒவ்வொரு ஓநாயும் அதற்கு உறவாகிவிட்டது. வாடிக்கொண்டிருந்த பரம்பரைக்குப் புது ரத்தம் கிடைத்தது. அதுவே பின்னால் வினையாகவும் முடிந்தது. துணை செத்தபின் அது தன் மகளோடே கூடியது. எல்லோரும் உறவு என்றால் இனி எந்தக் கூடலும் உறவுக்குள்தான்.

உள்ளினக் கலப்பின் சுவடு முதுகெலும்பில் தெரிந்தது. ஆராய்ந்த எலும்புக்கூடுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் பிறவிக் கோளாறு. குட்டிகள் குறைந்தன. 2009இல் 24 இருந்த ஓநாய்கள் 2012இல் 9. அந்த ஆண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செம்புச் சுரங்கக் குழி ஒன்றில் நீர் நிறைந்து கிடந்த இடத்தில் மூன்று ஓநாய்களின் சடலம் மிதந்தது. என்றோ செம்பு தேடிப்போனவர்கள் மூடாமல் விட்ட பள்ளம் ஒரு சிறு உயிர்த்தொகையை அசைத்துவிட்டது. எந்தச் சமன்பாட்டில் இதற்கு ஒரு எழுத்து ஒதுக்குவது?

2016இல் மிஞ்சியவை இரண்டு. தந்தையும் மகளும். அந்த இரண்டும் ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவை என்பதால் உடன்பிறப்புகளும்கூட. தீவில் தீனிக்குப் பஞ்சமே இல்லை. மூஸ் ஆயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. இரை குவிந்து கிடக்க வேட்டையாடி அற்றுப்போவதைத்தான் பாடநூல் படங்கள் இரண்டுமே எதிர்பார்க்கவில்லை.

வெளியிலிருந்து இன்னொரு ஓநாய் வரலாமே என்றால், வரும் வழி கரைந்துகொண்டிருந்தது. 1960களில் பெரும்பாலான குளிர்காலங்களில் தீவுக்கும் கரைக்கும் இடையே பனிப்பாலம் அமைந்தது. ஏரி வெதுவெதுக்க வெதுவெதுக்க அது அபூர்வமாகிவிட்டது. மனிதர் கொண்டுவந்து விடலாமா என்பதில் அறிஞர்கள் பிரிந்தனர். பீட்டர்சனும் அவரோடு இணைந்து பணியாற்றிய ஜான் வூசெட்டிச்சும் விடவேண்டும் என்றார்கள். பொறுத்திருந்து பார்ப்போம் என்றார் மீச். தீவின் நிலத்தில் 99 சதவீதம் சட்டப்படி மனிதக் கை படாத வனம். அங்கே ஓநாயை ஹெலிகாப்டரில் இறக்குவது என்ன நியாயம் என்ற கேள்வியில் பொருள் இருக்கத்தான் செய்தது. ஆனால் நோயைக் கொண்டுவந்ததும், பள்ளம் தோண்டியதும், பனியைக் கரைத்ததும் மனிதக் கைதான் என்ற பிறகு, கைபடாத வனம் என்பது வரைபடத்தில் மட்டும் உள்ள நிறம்.

2018 இலையுதிர்காலம் தொடங்கி ஓராண்டுக்குள் மின்னசோட்டா, மிச்சிகன், கனடாவின் ஒண்டாரியோ பகுதிகளிலிருந்து 19 ஓநாய்கள் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் சில வந்த ஊரின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஏரியின் கிழக்குப் பகுதியில் மிச்சிப்பிகோட்டன் என்ற இன்னொரு தீவு. 2014இல் அங்கே பனிமேல் நடந்து சென்ற ஓநாய்கள், நூற்றுக்கணக்கில் இருந்த காரிபூக்களைச் சில ஆண்டுகளிலேயே துடைத்தெடுத்தன. கடைசிச் சிலவற்றை வான்வழியே தூக்கி வேறு தீவுகளுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பிறகு ஓநாய்களே பட்டினி. அந்தப் பசித்த ஓநாய்களைத்தான் ஐல் ராயலின் மூஸ் மிகுதிக்கு அனுப்பினார்கள். ஒரே ஏரி, இரண்டு தீவுகள்: ஒன்றில் வேட்டையாடி இரையைத் தீர்த்துவிட்டுத் தானும் தவித்தது, மற்றதில் இரை மலிந்திருக்க வேட்டையாடி தேய்ந்தது. புதிதாக வந்தவற்றில் ஒரு பெண் ஓநாய்க்குத் தீவு பிடிக்கவில்லை. 2019 ஜனவரி கடைசியில் பனிப்பாலம் அமைந்ததும் நடந்தே நிலப்பகுதிக்குத் திரும்பிவிட்டது.

மற்றவற்றில் பிழைத்தவை தங்கின. பழைய பரம்பரை முடிந்து புதிய பரம்பரை தொடங்கியது. 2019இல் 2,060 இருந்த மூஸ் 2022இல் 1,346, 2023இல் 967. ஓநாய் முப்பதைத் தொட்டது. இந்த இறக்கத்தை முழுக்க ஓநாயின் கணக்கில் எழுதுவது அவசரம். ஓநாய்கள் வந்தபோதே மூஸ்கள் அளவுக்குமீறி இருந்தன. குளிர்காலத்தில் எலும்பு மஜ்ஜையில் கொழுப்பின்றிப் பட்டினியில் செத்தவையும் இருந்தன. உண்ணியும் இருந்தது. போதாததற்கு ஊசியிலைப் புழு ஒன்று பெருகி, மூஸ் விட்டுவைத்த பால்சம் ஃபிர்களைச் சிவக்க உலர்த்தியது. தீவின் மேற்குக் கோடியில் விண்டிகோ துறையிலிருந்து மேடேறுகிறவர் மூஸ் கடித்த மரத்தையும் புழு தின்ற மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்.

விண்டிகோவில்தான் குளிர்காலக் கணக்கெடுப்பின் தங்குமிடம். பூங்கா நவம்பர் முதல் ஏப்ரல் நடுவரை மூடிக்கிடக்கும் காலத்தில், ஏழு வாரம்போல ஒரு சிறு குழு அங்கே அடைந்துகிடந்து, உறைந்த வாஷிங்டன் ஹார்பரில் பனிச்சறுக்குப் பட்டை கட்டிய விமானத்தை இறக்கி ஏற்றி, வானிலிருந்து எண்ணும். 1959இலிருந்து நடந்துவந்த அந்த வழக்கம் கொரோனாவால் 2021இல் முதல்முறையாக அறுபட்டது. 2024இல் வேறு காரணம். குளிர்காலம் இளகி, துறைமுகப் பனி விமானத்தைத் தாங்குமா என்ற சந்தேகம் வந்துவிட, குழு முன்கூட்டியே தீவைவிட்டு வெளியேற நேர்ந்தது. அந்த ஆண்டு அறிக்கையில் உள்ள 30 ஓநாய், 840 மூஸ் என்ற எண்கள், அரைகுறையாக நின்ற அந்தப் பறப்புகளிலிருந்து போட்ட மதிப்பீடு.